கூலியில்லா வேலையின் பெயர்

காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தை இந்த இதழிலிருந்து தொடராக வெளியிடுகிறோம். செக் மொழியில் 1920இல் புத்தகமாக வந்து, 1921 ஜனவரி 25 அன்று பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தது இந்த நாடகம்தான் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சொல் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் நாடகமே வேறாகிவிடுகிறது. ஆகவே இந்த முறை தலையங்கத்தை அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

செக் மொழியில் 'ரொபோதா' என்றால் பிரபுவின் நிலத்தில் குடியானவன் கூலி வாங்காமல் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய வேலை. பொஹீமியாவின் நிலம் பிரபுக்களிடமும் மடங்களிடமும் இருந்தது. தனக்கு விடப்பட்ட துண்டு நிலத்தில் பயிர் வைத்துப் பிழைக்க வேண்டுமானால், வாரத்தில் இத்தனை நாள் என்று பண்ணைக்குப் போயாக வேண்டும். ஏழைக் குடும்பத்தார் வெறுங்கையோடு போய்க் கதிரறுப்பார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள், விறகு பிளப்பார்கள். சற்று வசதியுள்ளவர்கள் சொந்தக் குதிரை, சொந்தக் கலப்பை, சொந்த வண்டியோடு போக வேண்டும். குதிரைக்கான தீனியும் அவர்கள் செலவுதான். கொடுமை அறுப்புக் காலத்தில் உச்சத்துக்குப் போகும். வெயில் காயும் நல்ல நாட்களெல்லாம் பிரபுவின் வயலுக்கு; மழை இறங்கிய பிறகுதான் தன் கதிரைப் பார்க்க விடுவார்கள்.

1680இல் பொஹீமியக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். படை வந்து அடக்கியது. அதே ஆண்டு, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ரொபோதா வாங்கக் கூடாது என்று பேரரசர் லியோபோல்ட் ஆணை பிறப்பித்தார். அறுப்புக் காலத்துக்கு விலக்கு என்ற ஓட்டையும் அந்த ஆணையிலேயே இருந்தது. 1771–72இல் பெரும் பஞ்சம். 1775இல் மறுபடியும் கிளர்ச்சி, மறுபடியும் ஓர் ஆணை. இம்முறை மரியா தெரேசா. 1781இல் இரண்டாம் யோசெப் குடியானவனின் அடிமைநிலையை ஒழித்தார். பிரபுவிடம் அனுமதி கேட்காமல் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஊர் மாறலாம், தொழில் கற்கலாம் என்றானது. ரொபோதா மட்டும் அப்படியே இருந்தது. இந்த ஆணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நூறு ஆண்டுகளாக அரசு கட்டாய வேலையின் அளவைத்தான் திருத்திக்கொண்டிருந்தது என்பது தெரிகிறது. அதன் நியாயத்தை யாரும் தொடவில்லை.

தொட்டவர் ஹான்ஸ் குட்லிக். சிலேசியாவில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1848 புரட்சியில் கூடிய வியன்னா நாடாளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினர், வயது 24. ஜூலை மாதம் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பலனாக, செப்டம்பர் 7 அன்று ரொபோதா சட்டப்படி ஒழிந்தது. சும்மா ஒழிந்துவிடவில்லை. பிரபுக்களுக்கு நட்ட ஈடு கணக்கிடப்பட்டது. அதில் ஒரு பங்கைக் குடியானவர்களே தவணை தவணையாகக் கட்ட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்கள், அந்த உழைப்பை நிறுத்திக்கொள்ளவும் விலை கொடுத்தார்கள். புரட்சி தோற்றபின் குட்லிக் நாட்டைவிட்டு ஓடினார். அவர் இல்லாமலே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோபோகன் என்ற ஊரில் மருத்துவராக வாழ்ந்து, 1917இல் இறந்தார்.

கட்டாய வேலையின் இந்தப் பெயர் அப்போதே எல்லை தாண்டியிருந்தது. ஆஸ்திரிய ஜெர்மனில் அதற்கு 'ரோபோட்' என்றே பெயர். ஹங்கேரியிலும் அதே சொல். 1830களில் ஹங்கேரிப் பக்கம் பயணம் போன ஆங்கிலேயர்கள் தங்கள் நூல்களில் குடியானவர்களின் 'ரோபோட்' பற்றி எழுதினார்கள். ஆக, சாப்பெக் பேனா எடுப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இந்தச் சொல் ஆங்கில அச்சில் ஒருமுறை வந்து போயிருக்கிறது. வழக்கம் ஒழிந்ததும் சொல்லும் அங்கே மறைந்தது.

சொல்லின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பழைய ஸ்லாவிய மொழியில் 'ரபோதா' என்றால் அடிமைத்தனம். ரஷ்ய மொழியில் 'ரப்' என்றால் இன்றைக்கும் அடிமைதான். ஆனால் 'ரபோதா' சாதாரண 'வேலை' ஆகிவிட்டது. போலிஷ், உக்ரைன், ஸ்லோவாக் மொழிகளிலும் 'ரொபோதா' அன்றாட வேலை. போலிஷில் 'ரொபோத்னிக்' என்றால் தொழிலாளி. 1894இல் தலைமறைவாக அச்சிடப்பட்டுவந்த போலந்து சோசலிஸ்டுகளின் பத்திரிகைக்கு அதுதான் பெயர். வேலை என்று பொருள்படும் ஜெர்மன் 'அர்பைட்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். இடைக்கால ஜெர்மனில் அதற்குப் பாடு, துன்பம் என்ற பொருள். இன்னும் பின்னே போனால் கிரேக்கத்தின் 'ஆர்ஃபனோஸ்' வருகிறது: தாய்தகப்பனற்ற பிள்ளை. ஆதரவற்ற பிள்ளை அடுத்தவர் வீட்டில் வேலைக்கு நிற்கும். வேலைக்கு நிற்பது அடிமைத்தனமாகும். அடிமை செய்த வேலையின் பெயரே கடைசியில் எல்லா வேலைக்கும் பெயராகும். ஐரோப்பாவின் சமூக வரலாற்றில் ஒரு பாதி இந்த வேரில் சுருண்டு கிடக்கிறது.

இனி நாடகத்துக்கு வருவோம். சொல் பிறந்த கதையைக் காரெல் சாப்பெக்கே 1933 டிசம்பர் 24 அன்று 'லிதோவே நோவினி' நாளிதழில் சிறு குறிப்பாக எழுதினார். அகராதிகள் அந்தச் சொல்லைத் தன் பெயரில் சேர்த்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. செயற்கை மனிதர்களைப் பற்றி ஒரு நாடகம் தோன்றியதும் அண்ணன் யோசெப்பிடம் ஓடியிருக்கிறார். யோசெப் ஓவியர், அப்போது படத்துணி முன்னே நின்று வரைந்துகொண்டிருந்தார். லத்தீனிலிருந்து 'லபோரி' என்று வைக்கலாம், ஆனால் புத்தகவாடை அடிக்கிறது என்றாராம் தம்பி. வாயில் கவ்வியிருந்த தூரிகையை எடுக்காமலே, 'ரொபோதி' என்று வைத்துக்கொள் என்று முணுமுணுத்துவிட்டு அண்ணன் வரைவதைத் தொடர்ந்தாராம்.

இதைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ரொபோதா ஒழிந்து 42 ஆண்டு கழித்து, 1890இல் பிறந்தவர் காரெல். தாத்தா தலைமுறைக்கு அது கண்ணால் கண்ட நடப்பு. சகோதரர்கள் வளர்ந்த உப்பிட்சே பக்கமெல்லாம் நெசவாலைகள். தகப்பனார் அங்கே மருத்துவர். ஆலைக்குப் போய்த் திரும்பும் உடல்கள் அந்த வீட்டுக்குச் சிகிச்சைக்கு வந்திருக்கும். 1908இலேயே இருவரும் சேர்ந்து 'சிஸ்தெம்' என்று ஒரு கதை எழுதினார்கள்: ஆசையும் அழகுணர்ச்சியும் கழிக்கப்பட்ட, உழைக்க மட்டுமே தெரிந்த தொழிலாளிகளைத் தேடும் ஆலை முதலாளியின் கதை. பெயர் மட்டும்தான் பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வந்தது. லத்தீன்காரனின் சொல்லைத் தள்ளிவிட்டுக் குடியானவனின் சொல்லை எடுத்ததில்தான் அந்த நாடகத்தின் உயிர் இருக்கிறது.

சாப்பெக்கின் ரோபோக்கள் உலோகம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அட்டைப்படம் வரைய முன்வந்த நண்பர்கள் எல்லோரும் திருகாணிகளோடுதான் வந்தார்கள். ஒரு தீவில் தொழிற்சாலை. தொட்டிகளில் மாவு பிசைவதுபோல் உயிர்ப்பசையைப் பிசைகிறார்கள். நரம்புகளை ஆலையில் நூற்கிறார்கள். வெளியே வருபவை மனிதரைப் போலவே சதையும் தோலும் கொண்ட உடல்கள். வலி, ஆசை, சாவைப் பற்றிய அச்சம் மட்டும் கிடையாது; செலவு குறைக்க அவற்றை நீக்கிவிட்டார்கள். தொழிற்சாலை நிறுவனரின் பெயர் ரோசும். செக் மொழியில் 'ரொசும்' என்றால் அறிவு. இயக்குநர் தோமின் ஒரு கனவுக்காரர். ரோபோக்கள் எல்லாவற்றையும் செய்து குவிப்பார்கள், பொருளுக்கு விலையே இருக்காது, மனிதன் உழைப்பிலிருந்து விடுபடுவான் என்று அவர் மனதார நம்புகிறார். கடைசியில் ரோபோக்கள் எழுந்து மனிதர்களைக் கொன்று தீர்க்கிறார்கள். ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறார்கள்: கட்டடக்காரர் அல்குவிஸ்ட். தங்களைப் போலவே அவரும் கையால் வேலை செய்கிறவர் என்பதே காரணம்.

அல்குவிஸ்ட்தான் சாப்பெக்கின் மனச்சாட்சி என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. உழைப்பிலும் களைப்பிலும் ஒரு மேன்மை உண்டு என்பது அவர் வாதம். அவரோடு இந்த இடத்தில் நாங்கள் உடன்படவில்லை. எந்த உழைப்பு என்று கேட்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை இந்தியா 1993இல் ஒரு சட்டத்தாலும் 2013இல் இன்னொரு சட்டத்தாலும் தடைசெய்தது. அதன்பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்கள் நச்சுக்காற்றில் மூச்சடைத்துச் சாவது நிற்கவில்லை. திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் செய்த 'பாண்டிகூட்' என்ற கருவி 2018 முதல் ஆள்நுழைவுக் குழிகளைத் துப்புரவு செய்துவருகிறது. அதைப் பார்த்து உழைப்பின் மேன்மை போகிறதே என்று வருந்த யாருக்கும் வாய் வராது. சாதி கட்டிப்போட்டுச் செய்யவைத்த வேலை அது, அசல் ரொபோதா. அந்தக் குழிக்குள் இனி இயந்திரம் மட்டுமே இறங்க வேண்டும். குழியிலிருந்து கைதூக்கி விடப்பட்டவர்களுக்கு அடுத்து என்ன வேலை, என்ன சம்பளம் என்பதையும் அதே வேகத்தில் பேச வேண்டும்.

நாடகம் வேகமாகப் பரவியது. 1922இல் நியூயார்க், 1923இல் லண்டன், 1924இல் டோக்கியோ. டோக்கியோவில் 'செயற்கை மனிதன்' என்று மொழிபெயர்த்தார்கள். மற்றவர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சொல் போன வேகத்துக்குப் பொருள் போகவில்லை. 1928இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் எழுந்து நின்று பேசிய அலுமினிய மனிதனின் மார்பில் 'ஆர்.யு.ஆர்.' என்றே பொறித்திருந்தார்கள். சதையாக இருந்தது அங்கே தகடாகிவிட்டது. 1935இல் சாப்பெக் மறுப்பு எழுதினார்: தான் படைத்தவை தகர உடம்பும் பல்சக்கரமும் கொண்டவை அல்ல என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1940களின் தொடக்கத்தில் ஐசக் அசிமோவ் 'ரோபோட்டிக்ஸ்' என்ற துறைப்பெயரை உண்டாக்கினார். 1961இல் முதல் தொழிற்சாலை ரோபோ வேலையில் அமர்ந்தது; கொதிக்கும் வார்ப்புகளைத் தூக்கி அடுக்கும் ஒற்றைக் கை அது. அமர்ந்த இடம் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலை. ரோபோட்டை ஒழித்த குட்லிக் கண்மூடியதும் அதே மாநிலத்தில்தான். தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்குக்கு இன்றும் 'ரோபோட்' என்றே பெயர்.

மேற்கில் சொல் இப்படி இரும்பாகிக்கொண்டிருந்தபோது, பிறந்த பக்கத்தில் அது மனிதரைத் தேடித் திரும்பி வந்தது. காரெல் 1938 டிசம்பர் 25 அன்று இறந்தார். சொல்லைத் தந்த யோசெப்பை 1939 செப்டம்பர் 1 அன்று நாஜிகள் கைதுசெய்தார்கள். தாக்கௌ, புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்கள் வழியாகக் கொண்டுசென்று, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சனில் சாகவிட்டார்கள். தாக்கௌவின் வாயிலிலும் சாக்சன்ஹவுசனின் வாயிலிலும் இரும்பெழுத்தில் இருந்தது, வேலை விடுதலை தரும் என்ற வாசகம். அதில் வரும் 'அர்பைட்', யோசெப் முணுமுணுத்த சொல்லின் உடன்பிறப்பு.

ஹங்கேரியில் வேறொரு கதை. 1944–45இல் சோவியத் படை உள்ளே வந்தபோது, ஊர்களில் ஆட்களைத் திரட்டிய வீரர்கள் 'மாலெங்கயா ரபோதா', கொஞ்சம் வேலை இருக்கிறது, என்று சொல்லி அழைத்தார்கள். ஹங்கேரியர் காதில் அது 'மாலென்கி ரோபோட்' என்று விழுந்தது. இடிபாடு அகற்றப் போகிறோம், சாயங்காலம் வந்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் தொன்பாஸ் சுரங்கங்களில் இறக்கப்பட்டார்கள். பல்லாயிரம் குடிமக்கள், ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்கள் ஏராளம். அந்த நாடுகடத்தலுக்கு ஹங்கேரிய வரலாற்றில் இன்றுவரை 'மாலென்கி ரோபோட்' என்றுதான் பெயர். உலகம் முழுவதும் ரோபோ என்றால் இயந்திரம் என்றான பிறகும், அந்த வீடுகளில் அது அப்பாவையும் அக்காவையும் கொண்டுபோன சொல்.

தமிழுக்கு இந்தச் சொல் ஆங்கிலம் வழியாக, தகட்டு உடம்போடுதான் வந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி மனிதரைவிட நெருக்கமாகப் பேசியபோது அதற்கு இங்கே ஓர் உயிர் கிடைத்தது. பிறகு 'எந்திரன்' வந்தான். ஆனால் ரொபோதாவுக்கு நேரான சொல் தமிழில் ஆயிரம் ஆண்டாக இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரிகளின் வரிசையில் அடிக்கடி வருவது 'வெட்டி': ஏரி குளம் வெட்டவும் கரை கட்டவும் கூலியில்லாமல் தர வேண்டிய உழைப்பு. 'முட்டையாள்', 'அமஞ்சி' என்றும் அதன் உறவுச் சொற்கள் உண்டு. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்ற பெயரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசே இதை வாங்கியது. 'ஊழியர்' இன்று சங்கம் வைத்துச் சம்பளம் கேட்கும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டார். 'வெட்டி'க்கு அந்த யோகம் இல்லை. வெட்டிப்பேச்சு, வெட்டிச்செலவு, வெட்டியாகத் திரிகிறான் என்று அது பயனற்றதற்குப் பெயராகிவிட்டது. காவிரிப் படுகையின் கரைகளில் கூலியில்லாமல் கொட்டப்பட்ட உழைப்பின் பெயர் அது. சுடுகாட்டில் நிற்பவரின் சாதிப்பெயராகவும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்பின்போது ஆசிரியர் குழுவில் நடந்த விவாதம் இதையொட்டித்தான். 'வெட்டியாட்கள்' என்று போடலாம் என்று ஒரு தரப்பு. வரலாறு சரி, ஆனால் இன்றைய காதில் வேலையில்லாத கூட்டம் என்று விழும் என்று மறு தரப்பு. 'எந்திரர்' என்றால் மறுபடி தகடு. கடைசியில் 'ரோபோ'வையே வைத்துக்கொண்டோம். ஆனால் வினைமுற்றில் விட்டுக்கொடுக்கவில்லை. செக் மொழியில் உயிருள்ள ஆண்பாலுக்கும் உயிரற்றதற்கும் பன்மை விகுதி வேறு. சாப்பெக் எழுதியது 'ரொபோதி', அதாவது உயிருள்ளவர்கள். கருவியைக் குறிக்கும் 'ரொபோதி'யின் கடைசி உயிரெழுத்து ஒலிப்பில் ஒன்றுதான், எழுத்தில் வேறு. இன்றைய செக் மொழியில் இரண்டும் புழங்குகின்றன. திணை பார்த்துப் பேசும் மொழிக்காரர்களான நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மொழிபெயர்ப்பில் ரோபோக்கள் வருவார்கள், நிற்பார்கள், கேட்பார்கள். எங்கும் வந்தன, நின்றன என்று இருக்காது. நாடகத்தின் தொடக்கத்தில் தோமின் கடிதம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் சுல்லா, 'அவள்'. அவள் ரோபோ என்பதை விருந்தாளி ஹெலேனா நம்ப மறுக்கிறாள். நிரூபிக்க வேண்டுமானால் அறுத்துக் காட்டட்டுமா என்கிறார் தோமின். அந்த இடத்தில் 'அது' என்று எழுதினால் காட்சி செத்துவிடும்.

நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த பால் செல்வரின் ஆங்கில மொழிபெயர்ப்பை நாங்கள் அடிப்படையாகக் கொள்ளவில்லை. மேடைக்காக வெட்டப்பட்டது அது. தாமோன் என்ற ரோபோ பாத்திரமே காணாமல்போய், அவன் பேச்சுகள் ரேடியுஸ் என்ற இன்னொரு ரோபோவின் வாய்க்குப் போய்விட்டன. செக் மூலத்துக்கு நெருக்கமான பின்னாளைய மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுச் செய்திருக்கிறோம். செக் தெரிந்தவர்கள் பிழை கண்டால் சுட்ட வேண்டும்.

வாசகர்களிடம் இன்னொரு வேண்டுகோள். பண்ணைக்கும் கோயிலுக்கும் மிராசுக்கும் கூலியில்லாமல் செய்த வேலைக்கு உங்கள் ஊரில் வழங்கிய பெயர்களை, பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். மலையகம், மலேசியத் தோட்டங்கள், யாழ்ப்பாணம் என எங்கிருந்தும் வரலாம். நாடகத்தின் கடைசிப் பகுதி வரும் இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம்.